தூக்கத்தில் விழுந்த அறுப்பு

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதையும் முடிக்கவில்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நம் மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் கூடத்தைப் பெருக்கும் ஆளாகச் சேர்ந்தேன். அறுந்த நூலைப் பிணைக்கும் சைடராகி, முப்பத்தொரு வயதில் மேஸ்திரி ஆனேன். அந்த வயதில் இந்த மில்லில் அதற்கு முன் யாரும் ஆனதில்லை. என்னிடம் வேலை பழகியவர்கள் திருப்பூர், பல்லடம் வரைக்கும் இன்றைக்கு மேஸ்திரிகளாக இருக்கிறார்கள். பீளமேட்டில் வீடு கட்டினேன். முழு நைட் முடிந்து வந்து, கட்டடத்துக்குத் தண்ணீர் விட்டது நான்தான், கொத்தனார் இல்லை. மகளை இன்ஜினியர் ஆக்கினேன். வெளிநாட்டு மெஷின் வந்தபோது, "இங்கிலீஷ் தெரியாத மேஸ்திரி இதை ஓட்ட முடியாது" என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து, மெஷினோடு வந்த இன்ஜினியரே என் தோளைத் தட்டி, எந்த இடத்தில் நூல் அறுகிறது என்று கையால் ஜாடை காட்டிக் கேட்டார். நானும் கையால்தான் பதில் சொன்னேன். மெஷின் ஓடியது.

இன்றைக்கு டைம் ஆபீஸ் சுவரில் நீங்கள் பார்க்கிற ஷிப்ட் வரிசையும் நான் செய்ததுதான். அந்தக் கதை கீழே வருகிறது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் சூப்பர்வைசர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், தூக்கத்தைப் பற்றி நீங்கள் நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறார்கள். எந்த நேரத்தில் படுத்தாலும் தூங்குகிறவன் என்று எனக்கு இங்கே ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் எவ்வளவு உண்மை என்பதையும் சொல்கிறேன். இது நானே எழுதியது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

முதலில் என் தப்பு.

மேஸ்திரியான மூன்றாவது வருஷம். அந்த வாரம் எனக்கு முழு நைட், அதாவது ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை எட்டு. கொடுமுடியில் மச்சினன் மகளுக்குக் காது குத்து. காலையில் வேலை முடிந்ததும் குளித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். காவிரியில் ஒரு முழுக்கு, விருந்து, உறவுக்காரர்களோடு பேச்சு. மச்சினன் பாயை விரித்தார்.

"மாப்ள, சித்த நேரம் படுங்க. ராத்திரிக்கு மறுபடியும் போகோணுமல்ல?"

"மில்லுக்காரனுக்கு எதுக்குங்க தூக்கம்? நான் நின்னுட்டே மூணு நாளு இருப்பேன்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அன்று ராத்திரி பன்னிரண்டுக்கு மில்லில் நின்றேன். விடியற்காலை நாலு மணிக்கு ஏழாம் நம்பர் பிரேமில் நிறைந்த பாபின்களை இறக்கிவிட்டு, காலி பாபின் போட வேண்டும். அறுபது கவுண்ட், அதாவது மெல்லிய நூலுக்குப் பச்சைப் பாபின். நாற்பது தடித்த நூல், அதற்குச் சிவப்பு. நிறத்தைப் பார்த்துத்தான் அடுத்த டிபார்ட்மெண்டில் பிரிப்பார்கள், வேறு அடையாளம் கிடையாது. ஏழாம் நம்பரில் ஓடியது அறுபது. நான் சிவப்பை எடுக்கச் சொன்னேன். பாபின் மாற்றும் டாப்பர் என்னைவிட வயதில் மூத்தவர். பாபின் கூடையில் கையை வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங் மேஸ்திரி, சேப்புங்களா?"

"சொன்னதச் செய்யுங்கண்ணா. எனக்குத் தெரியாதா?"

அவர் போட்டுவிட்டார்.

காலை எட்டரைக்கு வீட்டில் படுத்தேன். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது, ஆனால் தூக்கம் வரவில்லை. பத்து மணி வாக்கில், எதனால் என்று தெரியாது, "சேப்புங்களா?" என்ற அந்தக் குரல் மட்டும் காதில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்தேன். அந்த நேரத்துக்கு நூல், பாபினிலிருந்து கோனில் சுற்றுகிற வைண்டிங் கூடத்துக்குப் போயிருக்கும். மெல்லிய நூலும் தடித்த நூலும் ஒரே கோனில் சுற்றினால் தறியில் துணி பட்டை பட்டையாக வரும். துணி வந்த பிறகு தெரிந்தால் விசாரணை வரும். விசாரணையில் மேஸ்திரியைக் கேட்க மாட்டார்கள். வயசான டாப்பர், கண் சரியில்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். படுத்தே கிடந்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதை மறைக்காமல் சொல்கிறேன்: கொஞ்ச நேரம் படுத்தே கிடந்தேன்.

அப்புறம் லுங்கியோடு சைக்கிளை எடுத்தேன். வைண்டிங் கூடத்தில் போய் மெஷினை நிறுத்தச் சொன்னேன். அங்கே வேலை பார்த்த பெண்கள், "மேஸ்திரிக்கு என்னாச்சு, லுங்கியில வந்து நிக்கறாரு" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஸ்பின்னிங் மாஸ்டர் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கோபம் வந்தால் தமிழும் வராது தெலுங்கும் வராது, சும்மா பார்ப்பார். நான் நடந்ததைச் சொன்னேன். பார்த்தார்.

"ராத்திரி நாலு மணிக்கு நீ முழிச்சிருந்தியா மேஸ்திரி?"

"முழிச்சுத்தானுங்க இருந்தேன்."

"கண்ணு தொறந்திருந்துச்சு. அதக் கேக்கல. நீ முழிச்சிருந்தியா?"

நான் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

"உனக்கே தெரியலன்னா எனக்கு எப்படியப்பா தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தண்டனை ஒன்றும் தரவில்லை. அதற்குப் பதில் சஸ்பென்ஷன் கொடுத்திருந்தால் நான் அதை மறந்திருப்பேன்.

தூங்காதவனுக்குத் தான் தூங்கவில்லை என்பது தெரியாது. மற்ற எல்லாம் தெரியும். சத்தமாகப் பேசுவான், வேகமாக நடப்பான், யாராவது கேள்வி கேட்டால் எரிந்து விழுவான். நீங்கள் ஷிப்டில் ஒருவர் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அடுத்த ஒரு மணி நேரம் எந்த முடிவும் தனியாக எடுக்காதீர்கள். அந்த வாரத்திலிருந்துதான் என் ஷிப்டில் பாபின் நிறத்தை வாயால் சொல்லி வாங்கும் பழக்கம் வந்தது. மேஸ்திரி "பச்சை" என்பார், டாப்பர் "ஏழு, பச்சை" என்பார். டாப்பர் கேள்வி கேட்டால் மேஸ்திரி வாயால் பதில் சொல்லக்கூடாது, நடந்து போய் பிரேமில் தொங்கும் அட்டையைப் பார்க்க வேண்டும். நீங்கள் இன்றைக்கும் அதைச் செய்கிறீர்கள். எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி ஷிப்ட் வரிசை.

அந்தக் காலத்தில் ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் முழு நைட், அதற்கடுத்த வாரம் அரை நைட் என்று ஓடியது. அரை நைட் என்பது சாயங்காலம் நாலிலிருந்து ராத்திரி பன்னிரண்டு. இந்த வரிசையில் ஆட்கள் வாடி வதங்குவதை நான் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள், ஆனால் மில் வேலை என்றால் அப்படித்தான் என்று இருந்தார்கள். நான் என் உடம்பையே பார்த்தேன். ராத்திரி பத்துக்குத் தூங்குகிற உடம்பை, இரண்டு மணிக்குத் தூங்கு என்றால் முணுமுணுத்துக்கொண்டு கேட்கும். சாயங்காலம் ஆறுக்குத் தூங்கு என்றால் கேட்கவே கேட்காது. தூக்கத்தைக் கொஞ்சம் காக்க வைக்கலாம், முன்னாலேயே வா என்று கூப்பிட முடியாது. அப்படியானால் வரிசையைத் திருப்பிப் போட்டால் என்ன? பகல், அப்புறம் அரை நைட், அப்புறம் முழு நைட். ஒவ்வொரு வாரமும் தூக்கம் பின்னால்தானே தள்ளிப்போகும்?

டைம் ஆபீசில் போய்ச் சொன்னேன். அங்கே இருந்தவர் பேனாவை மூடக்கூட இல்லை.

"ஏனுங் மேஸ்திரி, இத்தன வருசமா இப்படித்தானுங்களே ஓடுது?"

"ஓடுறது மெசினுங்க. ஆளு ஓடலீங்க."

"மூணு ஷிப்டும் அதே மூணு ஷிப்டுதானுங்களே. முன்ன போட்டா என்ன, பின்ன போட்டா என்ன?"

"சட்டையப் போட்டுட்டு பனியன் போட்டுப் பாருங்க, தெரியும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவர் வேலையைச் செய்துதானே ஆக வேண்டும்? என் ஷிப்டுக்கு மட்டும், மூன்று மாதத்துக்கு மட்டும் என்று அனுமதி வாங்கித் தந்தார். முதல் மாதம் ஆட்களே என்னைத் திட்டினார்கள். மூன்றாம் மாதம் முடிந்து, பழைய வரிசைக்கே போகலாமா என்று கேட்டதற்கு ஒருவரும் கை தூக்கவில்லை. முழு நைட்டின் கடைசி இரண்டு மணி நேரத்தில் தூணில் சாய்ந்து நிற்கிற ஆட்கள் குறைந்துபோனார்கள். மற்ற ஷிப்டுகளும் மாறின.

பல வருஷம் கழித்து வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் திரையில் வட்டம் வட்டமாகப் படம் போட்டு, நாம் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்த அதே வரிசையைக் காட்டி, இதுதான் சரியான முறை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன். மறுநாள் சுவரில் அட்டை ஏறியது. "நிர்வாகத்தின் ஏற்பாடு" என்று அதில் இருந்தது.

இதெல்லாம் வேலையில் இருந்தபோது நடந்தது. தூக்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

என் மனைவி சரோஜினி போய் மூன்றாவது வருஷம் நடக்கிறது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் நான் மட்டும். சரோஜினி போன சில மாதத்தில் எனக்குத் தூக்கம் கெட்டது. ராத்திரி பத்துக்குப் படுத்தால் ஒரு மணிக்கு முழிப்பு. பிறகு விடிகிற வரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒரு மணிக்கு முழித்த மனுஷனுக்கு ஊரில் யாரும் இல்லை. அந்த நேரத்தில் மில்லில் இருநூறு பேர் முழித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். யாரோ ஒருவர் பச்சை என்பார், யாரோ ஏழு, பச்சை என்பார். என் வீட்டில் பிரிட்ஜ் மட்டும் ஓடும்.

பகலில் கண் சொருகும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் மூன்று மணி நேரம் போய்விடும். அந்த மூன்று மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும் வீடு எப்படி இருக்கும் என்பது தனியாக இருக்கிறவர்களுக்குத் தெரியும். தூங்கிவிட்டால் அதைப் பார்க்க வேண்டியதில்லை.

ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படிச் சாய்ந்தேன். எழுப்பியது பக்கத்து வீட்டு அம்மா. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, பின்வாசல் வழியாக வந்து அடுப்பை அணைத்திருக்கிறார். வீடு முழுக்கப் புகை. பாத்திரம் கரி. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நேராக மகளுக்குப் போன் போட்டுவிட்டார்.

சாயங்காலமே மகள் கூப்பிட்டாள்.

"ஏனுங்கப்பா, ஊட்டுக்குத் தீ வெச்சுப்போட்டீங்களாமா?"

"பாலுதான் அம்மணி கருகிருச்சு. அந்தக்கா பெருசு பண்ணிப்போட்டாங்க."

"ராத்திரி ரெண்டரைக்கு எனக்குப் போன் பண்ணி இன்வர்ட்டர் ஸ்விட்ச் எங்கன்னு கேக்கறீங்க. பகல்ல அடுப்ப வெச்சுட்டுத் தூங்கறீங்க. ஆடிக்கு லீவு போட்டு வாரேனுங்கப்பா. மூணு நாளு இருந்து பாப்பேன். நீங்க ராத்திரி தூங்கி பகல்ல முழிச்சிருந்தீங்கன்னா சரி. இல்லன்னா ஊட்டப் பூட்டிட்டு எங்கூட வந்தறோணும். பேச்சே கெடையாது."

அவள் வீட்டில் ஒருமுறை பத்து நாள் இருந்திருக்கிறேன். நல்ல வீடு. மகளும் மருமகனும் ராத்திரியில் வெளிநாட்டு வேலை பார்ப்பார்கள், பகலில் தூங்குவார்கள். நான் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்துகொண்டு, டிவியில் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன். இங்கே இருப்பதும் தனியாகத்தான். ஆனால் இங்கே நான் இருமினால் என் சுவர்தான் கேட்கும். என் கையால் தண்ணீர் விட்ட சுவர். ஆடி வர இரண்டு மாதம் இருந்தது.

அவள் சொல்லித்தான் டாக்டரிடம் போனேன். பீளமேட்டிலேயே ஒரு டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும். பிரஷர், சுகர் பார்த்தார். குறட்டை உண்டா, மூச்சு முட்டி எழுந்திருக்கிறீர்களா, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு, "மத்தியானம் தூங்குவீங்களா?" என்றார்.

"தூங்க மாட்டேனுங்க. சும்மா கண்ணசருவேன்."

"எவ்வளவு நேரமுங்க?"

"ஒரு மூணு மணி நேரம்."

"அதுக்குப் பேரு தூக்கமுங்க ஐயா" என்று சிரித்தார். "மாத்திரை எழுதித் தரலாம். அதுக்கு முன்னாடி ஒரு வேலை குடுத்தா செய்வீங்களா?"

"வேலைன்னா குடுங்க."

அவர் கொடுத்த வேலை இது. ராத்திரி எப்படிப் போனாலும் சரி, காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும். எழுந்ததும் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். பகலில் படுக்கக்கூடாது, சாயவும் கூடாது. மத்தியானத்துக்குப் பிறகு டீ, காபி கிடையாது. தூக்கம் வந்தால்தான் கட்டிலுக்குப் போக வேண்டும். நடுவில் முழித்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் எழுந்து வேறு அறையில் போய் உட்கார வேண்டும். டிவி, போன் கூடாது. கண் சொருகினால் மறுபடியும் போய்ப் படுக்கலாம். தினமும் எத்தனை முறை முழித்தேன் என்று குறித்துக்கொண்டு நாலு வாரம் கழித்து வரச் சொன்னார்.

சமையலறைக் கதவின் பின்பக்கம் சாக்பீசால் கோடு போட ஆரம்பித்தேன். ஒரு முழிப்புக்கு ஒரு கோடு. முதல் வாரத்துக் கோடுகளைப் பார்த்தபோதுதான், நான் நாற்பது வருஷம் எண்ணியது இதைத்தானே என்று தோன்றியது.

உங்களில் சிலர் கம்ப்யூட்டர் திரையில்தான் வேலை பழகியிருப்பீர்கள், அதனால் சொல்கிறேன். நூல் அறுந்தால் நாம் அதை அறுப்பு என்கிறோம். அறுப்பு விழுந்தால் சைடர் ஓடிப்போய் பிணைக்க வேண்டும். புதிய சைடர் என்ன செய்வார்? பாபின் சுழல்கிற ஒரே ஸ்பிண்டிலில் திரும்பத் திரும்ப அறுந்தாலும் அங்கேயே நின்று பிணைத்துக்கொண்டே இருப்பார். கெட்டிக்காரத்தனம் என்று அவருக்கு நினைப்பு. அந்த நேரத்தில் மற்ற பக்கம் முழுக்க அறுந்து தொங்கும். மூன்று முறை அறுந்தால் கையை எடுத்துவிட்டு மேலே பார் என்று நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! கோளாறு அறுந்த இடத்தில் இருக்காது. மேலேயிருந்து வருகிற பஞ்சுத் திரியில், அதாவது ரோவிங்கில் இருக்கும், கூடத்துக் காற்றின் ஈரத்தில் இருக்கும், முந்தின ஷிப்ட்காரர் சுத்தம் செய்யாமல் போனதில் இருக்கும்.

அதே மேஸ்திரி ஒரு மணிக்கு முழித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வா வா என்று தூக்கத்தைப் பிணைத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். எத்தனை மாதம்! இந்தத் தப்பை ஒரு மில்லுக்காரன் செய்யலாமா? பிணைக்கிற கையை எடுத்தேன். முழித்தால் எழுந்துபோய் முன்னறையில் உட்கார்ந்தேன். கோளாறு பகலில் இருந்தது. பகலைப் பார்த்தேன்.

பகலைப் பார்ப்பது ராத்திரியைவிடக் கஷ்டம். மத்தியானம் இரண்டு மணியை எங்கே கொண்டுபோய் வைப்பது? வீட்டில் இருந்தால் நாற்காலி இழுக்கும். அதனால் இரண்டு மணி பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போய்த் திரும்பினேன். தினமும். நின்றுகொண்டே. மூன்றாம் நாள் கண்டக்டர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"ஏனுங்கய்யா, இத்தன சீட்டு காலியா கெடக்குது. உக்காருங்களே."

"உக்காந்தா தூங்கிப்போடுவனுங்க."

"தூங்கறதுக்குத்தானுங்க பாதிப் பேரு பஸ்ஸே ஏறுறாங்க! மேட்டுப்பாளையத்துல என்ன சோலிங்க?"

"ஒண்ணுமில்லீங்க. திரும்பி வாரதுதான் சோலி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ஒரு மோர் குடித்துவிட்டு நிற்பேன். காய்கறி மூட்டைகள் ஏறும். மலைக்குப் போகிற பஸ்கள் ஜன்னல் நிறைய ஆட்களோடு கிளம்பும். அந்தக் கூட்டத்தில் என்னை எங்கே போகிறாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. மில்லில் நான் கூடத்துக்குள் நுழைந்தால் அறுபது பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். இங்கே ஒரு மூட்டை தூக்குகிறவர் "தள்ளுங்க தள்ளுங்க" என்றார். அன்றைக்கு என்னிடம் பேசியவர்கள் கண்டக்டரும் அவரும்தான்.

முதல் இரண்டு வாரம் கோடு குறையவில்லை, கூடியது. நடக்கும்போது தலை சுற்றியது. மூன்றாவது வாரம் ஒருநாள் தோற்றுப்போனேன். பஸ்ஸுக்குச் செருப்பைப் போட்டவன், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து மணிக்குத்தான் எழுந்தேன். மறுநாள் கண்டக்டர் படியிலேயே பிடித்துக்கொண்டார்.

"நேத்து காணமுங்களே. தூங்கிப்போட்டீங்களாக்கும்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். என் வருகையை யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அந்த அவமானத்திலும் நன்றாக இருந்தது.

அந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான் இன்னொரு விஷயமும் புரிந்தது. எந்த நேரத்தில் படுத்தாலும் தூங்குகிறவன் என்று எனக்குப் பேர் இருந்தது என்றேனல்லவா? முழு நைட் வாரங்களில் பகல் முழுக்கத் தூங்குவேன். அதை என் உடம்பின் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். நான் தூங்கும்போது சரோஜினி ஜன்னலில் ஈரத் துணி தொங்கவிடுவாள். குக்கர் வைக்க மாட்டாள், விசில் வரும் என்று. நாலு மணி வரைக்கும் சட்டியில்தான் சோறு. காய்காரர் வந்தால் தெருமுனைக்கே ஓடிப்போய், "கத்தாதீங்கண்ணா, மேஸ்திரி தூங்கறாரு" என்று வாங்கிக்கொண்டு வருவாள். எனக்கு இதெல்லாம் தெரியாது, நான் தூங்கிக்கொண்டிருந்தேனே! அவள் போன பிறகு பக்கத்து வீட்டு அம்மாதான் சொன்னார். நாற்பது வருஷம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் கதவில் கோடே போடவில்லை. மறந்துவிட்டேனோ என்று நினைத்தேன். முழிக்கவே இல்லை என்பது காபி போடும்போதுதான் தெரிந்தது. அடுத்த நாள் இரண்டு கோடு விழுந்தது. அதற்குப் பிறகு மெதுவாக, ஒரு மெஷின் பழக்கத்துக்கு வருகிற மாதிரி வந்தது.

ஆடியில் மகள் வந்தாள். மூன்று நாளும் என்னை ஒரு இன்ஸ்பெக்டர் மாதிரி பார்த்தாள். மத்தியானம் நான் பஸ்ஸுக்குக் கிளம்ப, அவளும் கூட வந்தாள். கண்டக்டர் அவளிடம், "உங்கப்பாவ உக்காரச் சொல்லாதீங்க அம்மணி, எங்க பஸ்ஸுக்கே அவருதான் தூணு" என்றார். ராத்திரி பத்து மணிக்கு நான் படுத்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கடைசி நாள் காலையில், காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்தாள்.

"மூணு நாளும் ரெண்டு மணிக்கு அலாரம் வெச்சு எந்திரிச்சு வந்து பாத்தேனுங்கப்பா."

"என்ன பாத்த?"

"நீங்க தூங்கறத. சின்னப் புள்ளையில உங்கள நான் முழிச்சுப் பாத்ததவிடத் தூங்கித்தான் நெறையப் பாத்திருக்கேன். 'சத்தம் போடாத கண்ணு, அப்பா தூங்கறாரு'ன்னு அம்மா சொல்லும். கதவோரமா நின்னு பாத்துட்டுப் போயிருவேன். அதே மாதிரிதான் தூங்குனீங்க."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிங்கப்பா. நீங்க இங்கயே இருங்க" என்றாள்.

ஜெயித்துவிட்டேன். அன்று சாயங்காலமே அவள் கிளம்பினாள். ஆட்டோவில் ஏறும்போது மருமகனிடம் போனில் பேசினாள். "அப்பாக்குச் சரியாயிருச்சு. அந்த டாக்டர் நல்ல மாத்திரையாக் குடுத்திருக்காங்க போல" என்றாள். நான் மாத்திரை இல்லை அம்மணி என்று சொல்வதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது. உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். பத்து மணி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்து, படுத்துத் தூங்கினேன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நூல் ஓடினால் மீட்டர் காட்டும். அறுப்பு குறைந்தால் அட்டையில் எழுதுவார்கள், ஷிப்ட் முடிந்தால் கையெழுத்து விழும். தனியாக இருக்கிறவன் ராத்திரி முழுக்கத் தூங்கினால் அதைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. மூன்று ராத்திரிக்கு என் மகள் சாட்சி, அவளும் மாத்திரை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதனால் இந்தப் புத்தகத்தில் போட்டுவிடுங்கள். ஷிப்ட் வரிசை அச்சாகிற பக்கத்தில் நிர்வாகத்தின் ஏற்பாடு என்பதை எடுத்துவிட்டு, ரிங் பிரேம் மேஸ்திரி பொ. ரங்கசாமி செய்தது என்று போட வேண்டும். இனிஷியல் விட்டுப்போகக்கூடாது. பாபின் நிறம் சொல்லி வாங்குவதற்குக் கீழேயும் அதே பெயர், கூடவே சேப்புங்களா என்று கேட்டது ஒரு டாப்பர் என்று ஒரு வரி. தூக்கத்தைப் பற்றிய பக்கத்தில், டாக்டரம்மா வழி சொன்னார், மாத்திரை தரவில்லை என்று தெளிவாக இருக்க வேண்டும். நாற்பது வருஷம் நான் தூங்கிய பகல் தூக்கம் ர. சரோஜினி செய்தது. அதை அவள் பெயரில் போடுங்கள்.

ராத்திரித் தூக்கம் என்னுடையது. அதை நான்தான் செய்தேன். அப்போது வீட்டில் வேறு யாரும் இல்லை.